வியாழக்கிழமை நாடகத்தில் கிஷன்லாலைக் கொன்றது பற்றி

அனுப்புநர்:
ஆ. அர்ஜுனன்,
மளிகை, அப்பளம், காப்பித்தூள் வியாபாரம்,
லேக் மார்க்கெட் பின்சந்து,
கல்கத்தா – 29.

பெறுநர்:
உயர்திரு சந்தானம் அவர்கள்,
தொடர் நாடகப் பிரிவு மேற்பார்வை அதிகாரி,
தொலைக்காட்சி நிலையம்,
கல்கத்தா.

பொருள்: வியாழக்கிழமை இந்தித் தொடரின் அறுபத்து மூன்றாம் பகுதியால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது – அடுத்த பகுதியில் நாயகி சுமித்ரா எங்கே போகிறாள் என்பதை முன்கூட்டித் தெரிவிக்கக் கோருதல் – மற்றும் சில வரிகளுக்குச் சான்றொப்பம் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுத்துவிடுகிறேன். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் என்னை ஆகாசப்புளுகு மாமா என்றுதான் அழைப்பார்கள். எங்கள் கடை அப்பளம் ஒன்று எண்ணெயில் விரிந்து விரிந்து அடங்காமல் போகவே, அதை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஹவுரா பாலத்துக்குக் கூரையாகப் போட்டார்கள் என்று சொல்லி நம்ப வைத்தவன் நான். தாங்கள் தமிழர் என்பதாலும், தங்கள் இல்லத்தரசியார் விஜயலக்ஷ்மி அம்மாள் மேற்படி அப்பளத்தைத் தவிர வேறொன்றை வீட்டுக்குள் விடுவதில்லை என்பதாலும், தமிழிலேயே எழுதத் துணிந்தேன். பிழை பொறுக்கவும்.

1. என் தமக்கை சுந்தரி, வயது நாற்பத்தொன்பது. அவள் கணவர், என் அத்தான் மருதமுத்து, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. பிள்ளை இல்லை. கப்பல் கரையில் இருந்தால் கிதிர்பூரில் இருவரும் குடித்தனம். கப்பல் கிளம்பினால் அக்கா கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்துவிடுவாள். இருபத்தாறு வருஷமாக இதுவே ஏற்பாடு. ஒருமுறை இருபது மாதம் கழித்து வந்தார் அத்தான்; அந்த இருபது மாதத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கார்டு போட்டிருந்தார், அதிலும் பாதி மை அழிந்திருந்தது. ஆகவே அவர் வராத நாட்களை எங்கள் வீட்டில் யாரும் எண்ணுவதில்லை.

2. கடைசியாக 1984 ஆகஸ்டில் கப்பலேறினார். 1985 பிப்ரவரியில் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம், கடை விலாசத்துக்கு வந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. கால் கிலோ உளுந்துக்கு ஒரு அம்மாள் காத்திருக்க, தராசுக்கு முன்னால் நின்றுகொண்டே படித்தேன். புயலில் அத்தான் கடலில் விழுந்துவிட்டார், இரண்டு நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த அம்மாளுக்கு உளுந்துக்குப் பதில் துவரையைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்து அவர் போட்ட சண்டையில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. மாடிக்குப் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தானை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்களாம், வர நாளாகுமாம் என்று சொன்னேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐயா, அந்த நாளைக்கு இன்றோடு ஒரு வருஷமும் ஒன்பது மாதமும் ஆகிறது.

அதன்பின் கடிதம் வராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் நான் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் தபால்காரர்கள் ஸ்டிரைக். ஒரு மாதம் துறைமுகத்து வாயிலில் திமிங்கிலம் ஒன்று குட்டி போட்டுவிட்டதால் எந்தக் கப்பலும் வெளியேற முடியவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, திமிங்கிலத்துக்குப் பத்தியம் யார் வைக்கிறார்கள் என்று கேட்டாள். சிரித்தாள் என்பதற்காகவே அடுத்த மாதம் இன்னொன்று சொன்னேன்.

3. இனி நாடகத்துக்கு வருகிறேன். 1985 செப்டம்பரில் எங்கள் வீட்டுக்கு டெலிவிஷன் பெட்டி வந்தது. வந்த வாரமே தங்கள் வியாழக்கிழமைத் தொடரும் ஆரம்பமாயிற்று. எங்கள் தெருத் தமிழ்ப் பெண்களுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. அக்கா வங்காளத்தில் பேரம் பேசினால் தேங்காய்க்காரன் தானே விலையைக் குறைத்துக்கொண்டு, மாஷிமா, போதும் தாயே என்று கும்பிடுவான். இந்தி மட்டும் ஒருவருக்கும் ஏறவில்லை. இளவயதில் நாக்பூரில் மூன்று வருஷம் மூட்டை தூக்கியவன் என்ற தகுதியில் மொழிபெயர்ப்புப் பதவி எனக்குக் கிடைத்தது. பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் குரல் எடுபடவேண்டும் என்று பெட்டியின் சத்தத்தை என் காதுக்கு மட்டும் எட்டும்படி குறைத்துவிட்டு, அவர்கள் வாயசைக்க நான் பேசுவேன். முந்நூறு பெண்கள் கூடினார்கள் என்று எழுதத்தான் ஆசை. அறையின் நீள அகலம் இடம் கொடுக்காததால் பதினெட்டு என்று எழுதுகிறேன்.

4. கதை தங்களுக்குத் தெரியும். கிஷன்லால் மலைப்பாதை போடும் வேலைக்கு இமயமலைப் பக்கம் போகிறான். மனைவி சுமித்ரா மாமனார் வீட்டில் காத்திருக்கிறாள். பத்தொன்பதாம் பகுதியில் தந்தி வருகிறது: மண் சரிந்து கிஷன்லால் புதைந்துவிட்டான், உடல் அகப்படவில்லை. தந்தியை வாங்கிய மாமனார் மருமகளிடம் சொல்லாமல் அதைத் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொள்கிறார்.

அந்தக் கிழவர் தந்தியை மடித்த விதத்தைப் பார்த்ததும் போர்த்தியிருந்ததை எடுத்துக் கீழே போட்டேன். ஜனவரி மாதம் ஐயா, கல்கத்தா முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள். அக்கா, என்னடா எழுதியிருக்கு என்று கேட்டாள். கிஷன்லாலுக்குப் பதவி உயர்வு, ஆனால் லீவு கிடையாது என்று சொன்னேன்.

அன்று முதல் ஒரே பெட்டியில் இரண்டு நாடகங்கள் ஓடின. தங்கள் நாடகத்தில் மாமனார் குற்ற உணர்ச்சியால் உருகிக்கொண்டிருந்தார். என் நாடகத்தில் அவருக்குத் தீராத வயிற்றுவலி. தங்கள் நாடகத்தில் கிஷன்லால் இல்லை. என் நாடகத்தில் அவன் பனியில் மாட்டிக்கொண்டு, ஒரு கரடியோடு முதலில் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகி, அதற்குச் சீட்டாடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். கரடி அடிக்கடி ஏமாற்றும். அந்தக் கரடியைக் கண்ணால் காணாமலே எங்கள் தெருப் பெண்கள் அதன்மேல் கோபமாக இருந்தார்கள்.

5. நான் செய்த பெரிய பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி நாற்பது வாரம் போனபின் ஒரு வியாழக்கிழமை எல்லோரும் கலைந்ததும் அக்கா நாற்காலிகளை மடித்துக்கொண்டே, “அவன் வந்துட்டா இவரும் வந்துருவாருடா” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மறுவாரம் முதல் கிஷன்லால் வரும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டிய பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. இந்தப் பாரத தேசத்தில் ஒரு செத்த மனிதனை ஊருக்கு வரவிடாமல் தடுக்க என்னைப்போல் பாடுபட்டவன் எவனும் இருக்க மாட்டான்.

6. 20-11-86 வியாழக்கிழமை ஒளிபரப்பான அறுபத்து மூன்றாம் பகுதி குறித்து என் அபிப்பிராயம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. முதல் அறுபத்திரண்டு பகுதிகளில் சுவர்கள் காற்றில் ஆடின. மாமனாரின் மீசை இடம் மாறி மாறி ஒட்டப்பட்டிருந்தது. இமயமலையை ஒரு வேட்டியில் வரைந்திருந்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். அப்படியே கடைசிவரை எடுத்திருந்தால் எங்கள் குடும்பம் பிழைத்திருக்கும். இந்த ஒரு பகுதியை மட்டும் இவ்வளவு நன்றாக எடுக்கும்படி யார் உத்தரவு கொடுத்தார்கள்?

சுமித்ரா கிணற்றடியில் மாமனாரின் தலைப்பாகையைத் துவைக்கும்போது அந்தத் தந்தி அகப்படுகிறது. படிக்கிறாள். அழுவாள் என்று நாமெல்லாம் காத்திருக்க, அந்த நடிகை பாதி துவைத்த துணியை முழுக்கத் துவைத்து, பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, சுருக்கத்தையும் நீவிவிட்டு, அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். இதற்காகத் தங்கள் நிலையத்துக்குப் பொன்னால் கூரை வேயலாம். இதற்காகவே அலிப்பூர் கோர்ட்டில் தங்கள்மேல் வழக்கும் போடலாம். அதன்பின் எட்டு நிமிஷம் ஒருவரும் வாயே திறக்கவில்லை. பேச்சு இருந்தால் அல்லவா நான் மாற்றிச் சொல்ல முடியும்? சொந்தக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், அவள் வளையல்களை உடைத்தார்கள், நெற்றிக் குங்குமத்தை அழித்தார்கள். சுமித்ரா எழுந்து, கிஷன்லாலின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். வாசலுக்கு எதிரே ஒரு ஆறு. படியில் ஒரு கால் வைத்தாள். அதோடு படம் அசையாமல் நின்று, பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

மற்ற வியாழக்கிழமைகளில் நல்ல கட்டம் வந்ததும் தவறாமல் போகும் கரண்ட் அன்று போகவில்லை. லோட் ஷெட்டிங்குக்காக இந்த ஊரில் பிரார்த்தனை செய்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். ஏதோ விரதம், விரதத்துக்கு வளையல் போடக் கூடாது என்று ஆரம்பித்தேன். என் மனைவி கல்யாணி, “கொஞ்சம் வாயை மூடுங்க” என்றாள். பதினெட்டுப் பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். அக்கா டெலிவிஷனுக்கு உறை போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

7. மறுநாள் காலை கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கி வந்தாள். சாதாரணமாக அவள் கடைக்குள் வருவதில்லை. மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “அந்தக் கெழவன் மாதிரி நீயும் எதாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியாடா அர்ஜுனா?” என்று கேட்டாள்.

ஐயா, எனக்குப் பொய் சொல்ல இரண்டு விநாடி இருந்தது. நான் அதைவிடக் குறைந்த நேரத்தில் திமிங்கிலத்தைப் பிரசவிக்க வைத்தவன். ஆனால் அன்று கை அலமாரிக்குப் போனது. காலி காப்பித்தூள் டப்பாவிலிருந்து கடிதத்தை எடுத்தேன். படிச்சுச் சொல்லு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “சேக்காமப் படி” என்றாள்.

சேர்க்காமல் படித்தேன். கப்பல் பெயர், தேதி, காற்றின் வேகம், எந்தப் பக்கத்துக் கம்பியருகே நின்றார், யார் கூச்சல் போட்டது, எத்தனை மணி நேரம் விளக்கடித்துத் தேடினார்கள், ஒன்றையும் விடவில்லை. என் ஆயுளில் நான் செய்த முதல் நேர்மையான மொழிபெயர்ப்பு அதுதான். நடுவில் ஒரு வங்காளி அம்மாள் ரவை கேட்டு வந்தார். அக்காவே பொட்டலம் கட்டிக் கொடுத்து, அவர் மகனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்து அனுப்பினாள். திரும்பி வந்து, மேலே படி என்றாள்.

ஒன்றே முக்கால் வருஷமாகத் தன்னைப் பொட்டோடு நடமாட விட்டதற்காக என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். கடைசியில், யாரிடமும் சொல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “ஒடம்பு இல்லாம எதப் பாத்துடா அழுவுறது?” என்றாள். பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, “அவளுக்கும் ஒடம்பு கெடைக்கல. வியாழக்கெழம அவ என்ன செய்றான்னு பாக்குறேன். அது வரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொல்லாத” என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

8. இதுவே நிலவரம். இன்று சனிக்கிழமை. கல்யாணிக்குக்கூடத் தெரியாது. அக்கா வழக்கம்போல் குளித்து, பொட்டு வைத்து, சாம்பாருக்கு அரைக்கிறாள். ஊரிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம் என்கிறாள். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணும் முறை உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். புல்லைப் பார்த்து அழ வராது என்றாள். வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கிறாள்.

சுமித்ரா ஆற்றுப் பக்கம் போவதுபோல் காட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். எங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்த ஏரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இதற்குமேல் இந்தப் பத்தியில் எழுத எனக்குக் கை வரவில்லை.

9. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: சுமித்ராவை அந்தப் படியிலிருந்து திரும்பி வரச் செய்ய வேண்டும். அவள் அழட்டும். மாமனாரைப் பிடித்து உலுக்கட்டும். அந்த ஒட்டு மீசையைப் பிய்த்துப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதற்கு அவர் தகுதியானவரே. பசி எடுத்து ஒரு வாய் சாப்பிடுவதுபோல் காட்டினால் போதும். அவள் சிரிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

படம் பம்பாயில் தயாராகி டப்பாவில் வந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அந்தக் கட்டத்தில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ பலகையைப் போட்டுவிடுங்கள், மீதியை நான் தமிழில் பார்த்துக்கொள்கிறேன் என்று நேற்று எழுதியிருந்தேன். இன்று அதை அடித்துவிட்டேன். இனி மொழிபெயர்க்க மாட்டேன் என்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். பலகை வேண்டாம். சுமித்ரா என்ன செய்கிறாள் என்பதை மட்டும் புதன்கிழமைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, விஜயலக்ஷ்மி அம்மாள் கடைக்கு வரும்போது கொடுத்தனுப்பினால், கெட்டதாக இருக்கும் பட்சத்தில் கடையைச் சாத்திவிட்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். ராத்திரி பகல் எழுந்திருக்க மாட்டேன்.

10. இன்னொரு கோரிக்கை உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். கடிதத்தில் ஒன்றையும் விடாமல் படித்ததாக மேலே எழுதினேன். அதன் கடைசி வரிகளை மட்டும் தங்களிடம் இன்னும் சொல்லவில்லை. அது கம்பெனி எழுதியதல்ல. கப்பல் தலைவர் அடியில் தன் கையால் எழுதியிருந்தார். அதன் தமிழ்: ‘மருதமுத்து எங்கள் சமையல்காரனுக்குப் புளியும் மிளகும் போட்ட ஒரு சூப் வைக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பெயர் கேட்டபோது தன் மனைவியின் பெயரைச் சொன்னார். கப்பலில் எல்லா தேசத்தாரும் இப்போது அதை அந்தப் பெயரால்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். குளிர் நாட்களில் இரண்டு முறை.’

இதையும் அன்று கடையிலேயே அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் என்னைப் பார்த்தாள். “இத மட்டும் நீ சேத்துட்டல்ல?” என்றாள். இல்லை என்றேன். எழுத்தைக் காட்டினேன், இங்கிலீஷ் அவளுக்கு எறும்பு வரிசை. தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு லேக் மார்க்கெட்டில் என்ன விலை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. “போடா, உனக்கு மனசு கேக்காது, அதான் சொல்ற” என்று என்னைத் தட்டிக்கொடுத்தாள். அழுவதற்கு அவளுக்கு இருப்பது அந்த மூன்று நான்கு வரிதான். அதையும் நான் புளுகியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனவே கடிதத்தின் அசலையே இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் அரசாங்க அதிகாரி. தங்கள் பச்சை மைக் கையெழுத்துக்குக் கல்கத்தா முழுவதும் மரியாதை உண்டு. கடைசி வரிகளைத் தாங்களே படித்து, அவை உள்ளபடி இருக்கின்றன, மேற்படி அர்ஜுனன் ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று தமிழில் எழுதி, கையொப்பமிட்டு, நிலைய முத்திரையும் வைத்து வியாழக்கிழமைக்கு முன் அனுப்ப வேண்டும். அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

இம்மனுவில் நான் கூட்டி எழுதியவை எவ்வளவோ இருக்கும். தங்கள் விருப்பம்போல் கழித்துக்கொள்ளலாம். கழித்தபின் மிச்சம் ஒன்றும் தேறாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். ஒன்றே ஒன்றைக் கழித்துவிடாதீர்கள் ஐயா. எங்கோ ஒரு கப்பலில் ரசத்துக்குச் சுந்தரி என்று பெயர். அது மெய்.

இடம்: கல்கத்தா
நாள்: 22-11-1986

இங்ஙனம்,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆ. அர்ஜுனன்

இணைப்பு: கப்பல் கம்பெனிக் கடிதம், அசல், ஒரு தாள். பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன்.